விழா முன்னே, சர்க்குலர் பின்னே: பல்கலைக்கழக ஊழியர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பல்கலைக்கழகத்தில் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. பட்டமளிப்பு, கருத்தரங்கு, உறுதிமொழி, ரத்ததான முகாம், பணி ஓய்வுப் பாராட்டு, படிவம் கொடுக்கக் கடைசி நாள் என்று வாரத்துக்கு நாலு வந்துகொண்டே இருக்கும். பதிவாளர் அலுவலகத்தில் கிளம்பும் அந்தச் செய்தி நம் வீட்டுச் சமையலறை வரை வந்து சேர்வதில்தான் சிக்கல். துறை மேஜையில் இரண்டு நாள் தூங்கும். பிறகு மங்கலான போட்டோவாக வாட்ஸ்அப்பில் ஏறும். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவே புதையும். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி, “என்னங்க, ரேஷன் கார்டு நகல் கேட்டிருக்காங்களாமே, பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க” என்று வீட்டிலிருப்பவர் சொல்லித்தான் நமக்கே தெரியவரும். கேம்பஸ் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் கண்டும் கேட்டும் சேர்த்த குறிப்புகள் இவை. மாநிலப் பல்கலை ஊழியரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; மற்றவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

1. சர்க்குலரைக் கீழிருந்து மேலே படியுங்கள். ‘பொருள்’, ‘பார்வை’ என்று தொடங்கும் அந்தத் தாளின் முதல் பாதி, எந்தக் கடிதத்துக்கு எந்தக் கடிதம் பதில் என்கிற வம்சாவளிதான். நமக்கு வேண்டியது கடைசிப் பத்தி. ‘உரிய வழியில் இவ்வலுவலகத்துக்கு அனுப்பிவைக்குமாறும், தவறும்பட்சத்தில்’ என்று போகிற வாக்கியத்தில்தான் தேதியும் இருக்கும், மிரட்டலும் இருக்கும். ‘உரிய வழியில்’ என்றால் கண்காணிப்பாளர் கையெழுத்து, அதன் மேல் துறைத்தலைவர் கையெழுத்து, அதன் பிறகு தபால் பதிவேடு. துறைத்தலைவர் வெளியூரில் வைவா நடத்தப் போயிருந்தால் காகிதம் அங்கேயே நிற்கும். ஆகவே கடைசித் தேதி 20 என்றால் வீட்டில் 16 என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தபடி ‘இணைப்பு’ என்ற சொல்லைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும்தான். நிரப்ப வேண்டிய படிவம் யாரும் போட்டோ எடுக்காத இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

2. நாள்காட்டி ஒன்றே ஒன்று போதும். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரே நல்லது. எல்லோரும் தினம் அதன் முன்னால்தான் நிற்கிறோம். ஒவ்வொரு பல்கலை நிகழ்ச்சிக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் போகவேண்டும், எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும். ‘கருத்தரங்கு’ என்று மொட்டையாக எழுதினால் அன்றைக்குச் சாப்பாடு கட்டவேண்டுமா வேண்டாமா என்று காலையில் ஒரு விசாரணைக் கமிஷன் நடக்கும். ‘அப்பா, 8.15, சாப்பாடு அங்கேயே’ என்று எழுதினால் பேச்சே இல்லை.

3. வாட்ஸ்அப்பில் வரும் எந்த உத்தரவையும் மூன்று இடத்தில் பாருங்கள்: ந.க. எண், நாள், கையெழுத்து. போன வருஷத்து மழை விடுமுறை அறிவிப்பு இந்த வருஷ மழைக்குத் தவறாமல் மறுபடி உலா வரும். தேதியை மட்டும் யாரோ வெட்டியிருப்பார்கள். இன்னொன்று, ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று கலெக்டர் சொன்னால் அது பள்ளிகளுக்குத்தான். ‘பள்ளி, கல்லூரிகளுக்கு’ என்றாலும் மாணவர்களுக்குத்தான் விடுமுறை, அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிவு கண்காணிப்பாளருக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள்.

4. உள்ளூர் விடுமுறையைக் குறிக்கும்போதே அதற்கு ஈடுகட்டும் சனிக்கிழமையையும் குறித்துவிடுங்கள். அரசின் பொது விடுமுறைப் பட்டியல் வருஷக் கடைசியிலேயே வந்துவிடும். அதில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையில். மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாள், கடலூர் மாவட்டத்துக்குச் சிதம்பரம் ஆருத்ரா தரிசனம், தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழா, தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா பெருவிழா என்று ஊருக்கு ஒன்று. அறிவிப்பின் அடியில் ‘இவ்விடுமுறைக்குப் பதிலாக இன்ன சனிக்கிழமை பணிநாள்’ என்று ஒரு வரி இருக்கும். திருவிழா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைதான் யாருக்கும் இருப்பதில்லை. அன்றைக்குத்தான் ஊரில் கிரகப்பிரவேசத்துக்கு டிக்கெட் போட்டிருப்போம்.

உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அதனால் வங்கிகள் திறந்திருக்கும், கருவூலமும் குறைந்த ஆட்களோடு இயங்கும். லாக்கர், நகைக்கடன், கே.ஒய்.சி. என்று வங்கியில் தேங்கிக் கிடக்கும் வேலைகளுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

5. உறுதிமொழி நாட்களில் காலை 11 மணிக்கு வெளிவேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி 25 வாக்காளர் தினம், ஜனவரி 30 தியாகிகள் தினமும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளான சமத்துவ நாள், மே 21 பயங்கரவாத எதிர்ப்பு, செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாளான சமூக நீதி நாள், அக்டோபர் 31 ஒற்றுமை நாள், நவம்பர் 26 அரசமைப்புச் சட்ட நாள். விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலைநாளிலேயே எடுத்துவிடுவார்கள். ஏப்ரல் 14 எப்போதுமே அப்படித்தான். போட்டோ எடுத்து மேலே அனுப்புவார்கள் என்பதால், சம்பளச் சான்று வாங்கப் போனவர்கள்கூட அந்த நேரத்தில் பிரிவில் ஆளில்லாமல் காத்திருக்க நேரிடும். காரியம் ஆகவேண்டுமானால் 12 மணிக்குப் போங்கள்.

6. பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டிலும் ஒரு குழு போடுங்கள். வேந்தர் வருகிறார், இணைவேந்தர் வருகிறார் என்றதுமே கேம்பஸில் வரவேற்புக் குழு, அமர்வுக் குழு, உணவுக் குழு, அங்கிக் குழு என்று பட்டியல் ஒட்டப்படும். உங்கள் வீட்டுக்காரர் எந்தக் குழு என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய உங்கள் வாழ்க்கை. அமர்வுக் குழு என்றால் விடிவதற்கு முன் கிளம்பவேண்டும். உணவுக் குழு என்றால் கடைசி ஆளாகத்தான் வருவார், அதுவும் சாப்பிடாமல் வருவார். பல வருஷம் பார்த்தும் எனக்குப் புரியாத விஷயம் இது. போலீஸ் சோதனை முடிந்தபின் பிரதான வாசல் மூடிவிடும். அரங்கத்துக்குள் செல்போன் அனுமதி பெரும்பாலும் இருக்காது. ஆகவே அவசரத்துக்கு அரங்கத்துக்கு வெளியே வேலை பார்க்கும் ஒருவருடைய எண்ணை முந்தின நாளே வாங்கிவையுங்கள். பள்ளி வேன் எந்த வாசலில் வரும் என்று டிரைவரிடம் அன்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டம் வாங்குகிற சொந்தக்காரப் பிள்ளை முந்தின ராத்திரி உங்கள் வீட்டில் தங்குவது நிச்சயம். கூடவே அம்மா, அப்பா, ஒரு சித்தி. குளியலறை ஒன்றுதான் என்றால் யார் எத்தனை மணிக்கு என்று படுக்கும்முன் பேசிவிடுங்கள். பட்டம் வாங்குகிறவருக்கே முதல் முறை. அங்கிக்குக் கட்டிய முன்பணத்தின் ரசீது அந்தப் பிள்ளையின் பர்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். விழா முடிந்ததும் அங்கியைப் போட்டுக்கொண்டே போட்டோவுக்கு ஓடிவிடுவார்கள். கவுன்டர் மூடியபின் ரசீதோடு நாம்தான் மறுநாள் அலையவேண்டும். புடவையில் வரும் பெண்ணாக இருந்தால் நாலு ஊக்கு கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். அங்கிமேல் போடும் பட்டைத்துணி தோளில் நிற்காது, முன்னும் பின்னும் குத்தினால்தான் மேடை வரை தாங்கும்.

7. சேப்பாக்கத்தில், அதாவது சென்னைப் பல்கலையில், வேலை பார்ப்பவர்கள் பல்கலைக் காலண்டரோடு இன்னும் இரண்டு காலண்டர் பார்க்கவேண்டும். ஒன்று, எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியத்து கிரிக்கெட் அட்டவணை. மேட்ச் இருக்கும் சாயங்காலம் வாலாஜா சாலையில் பைக்கை வெளியே எடுப்பதைவிட சேப்பாக்கம் பறக்கும் ரயிலில் போய்விடுவது மேல். இன்னொன்று, ஜனவரியில் காமராஜர் சாலையில் நடக்கும் குடியரசு தின ஒத்திகை. அந்தக் காலைகளில் கடற்கரைச் சாலையைத் திருப்பிவிடுவார்கள், வருகைப் பதிவு இயந்திரத்துக்கு அது தெரியாது. முந்தின நாள் பத்திரிகையில் போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பு வந்துவிடும். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடிந்த செனட் இல்லத்தின் முன் போட்டோ கேட்பார்கள். அதற்கு ஞாயிறு காலைதான் நல்லது, வெயில் ஏறுவதற்கு முன்.

8. நாக் குழு வருகிற செய்தி கிடைத்த அன்றே எஸ்டேட் அலுவலகத்தில் உங்கள் புகார் மனுவைக் கொடுத்துவிடுங்கள். 1994-இல் பல்கலை மானியக் குழு தொடங்கிய தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவைத்தான் ‘நாக்’ என்கிறோம். குழு வந்து போவது இரண்டு மூன்று நாள். அதற்கு முன்னால் சில மாதம் கேம்பஸுக்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே, அதுதான் நமக்கு விசேஷம். சாலையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, தெருவிளக்குக்கு பல்பு, கிணற்றுக்கு மூடி. வருஷக்கணக்காக ஒழுகிய மொட்டை மாடித் தொட்டியும், தடுமாறிய சாக்கடை மூடியும் இந்த வாரங்களில்தான் விமோசனம் பெறும். பொதுவாகப் போய்ச் சொன்னால் ‘எழுதிக் கொடுங்க’ என்பார்கள், எழுதியே கொண்டுபோங்கள். குவார்ட்டர்ஸ் எண், பழுது என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று வரி. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே சமயம் அந்த நாட்களுக்கு லீவு கிடைக்காது. கல்யாணம், காதுகுத்து தேதி பார்ப்பவர்கள் தரமதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டுவிட்டு மண்டபம் பிடிப்பது புத்திசாலித்தனம். கலைநிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு சர்க்குலர் வரும். நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் என்றாலும் போய்வாருங்கள். மாணவர்கள் அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

9. பிப்ரவரி, மார்ச்சில் சாயங்காலங்களைக் கொஞ்சம் காலியாக வையுங்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் பருவம் அது. நிதியாண்டு முடிவதற்குள் அறக்கட்டளை வட்டியைச் செலவழித்துக் கணக்கு முடிக்கவேண்டும் என்பதால் வருஷம் முழுக்க நடக்கவேண்டியதெல்லாம் இந்த இரண்டு மாதத்தில் குவிந்துவிடும். நிர்வாகக் குறை என்றாலும் நமக்கு லாபம்தான். யாரும் வரலாம், டிக்கெட் கிடையாது, டீயும் மிக்சரும் உண்டு. கூட்டம் சேராதே என்று கவலையில் இருக்கும் துறைத்தலைவர் உங்களைப் பார்த்தால் வாசல்வரை வந்து அழைப்பார். சாதாரணப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைப் பல்கலையில் வரலாற்றாசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவாகப் பேசியதுதான் தென்னிந்திய ஆட்சி அமைப்புகள் பற்றிய அவருடைய நூலாக 1931-இல் வந்தது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போகாதீர்கள், அவர்களுக்குப் பரீட்சை.

10. பிள்ளைகளை அழைத்துப் போக வேறு நாட்கள் இருக்கின்றன. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அன்றைக்குத்தான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. பல துறைகள் ஆய்வகத்தைத் திறந்துவிட்டு மாணவர்களை வைத்துச் செய்துகாட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேராசிரியர் விளக்குவதைவிட முதலாண்டு எம்.எஸ்சி. மாணவி விளக்குவது நன்றாகப் புரியும். அந்த மேஜையாகப் பார்த்து நிறுத்துங்கள். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், கணிதத்துறையில் வினாடிவினா, புதிர்ப்போட்டி ஏதாவது இருக்கும். 1913-இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம் என்பதைப் போகிற வழியில் சொல்லிவையுங்கள். ஆகஸ்ட் 12 நூலகர் நாள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதே பல்கலையின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்றவர். அன்று நூலகத்தில் புத்தகக் கண்காட்சி இருக்கும்.

11. நூலகம் என்றதும் ஒரு வேலை. வருஷம் ஒருமுறை உங்கள் பேரில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்டு ஒரு சீட்டு வாங்குங்கள். உங்கள் அட்டையில் எடுத்து, நண்பரின் மகனுக்குக் கொடுத்து, அவன் பெங்களூருக்குக் கொண்டுபோன புத்தகம் ஓய்வு பெறும் மாதத்தில்தான் நினைவுக்கு வரும். நிலுவை இல்லாச் சான்று இல்லாமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. புத்தகம் அச்சில் இல்லையென்றால் மூலவிலையைப்போலப் பலமடங்கு கட்டச் சொல்வார்கள். நூலகம், எஸ்டேட், கூட்டுறவுச் சங்கம், கணினி மையம் நான்கிலும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

12. மே, ஜூனில் உறவினர்களுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வையுங்கள். “மாமா, உங்க யூனிவர்சிட்டியில ஒரு சீட்டு மட்டும் எப்படியாவது” என்று போன் வரும் காலம் அது. பொறியியல் கலந்தாய்வை 2019 முதல் அண்ணா பல்கலை அல்ல, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் நடத்துகிறது. இருந்தாலும் அண்ணா பல்கலையில் தோட்ட வேலை பார்ப்பவருக்குக்கூட இன்றும் அந்தப் போன் வருகிறது. கோபப்பட்டுப் பயனில்லை. விண்ணப்பக் கடைசித் தேதி, வேண்டிய சான்றிதழ்கள், உதவி மையம் எங்கே என்பதை ஒரே செய்தியாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். சாதிச்சான்று, வருமானச்சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கச் சொன்னால் சீட்டு வாங்கிக்கொடுத்த அளவுக்கு நன்றி சொல்வார்கள். மதிப்பெண் பட்டியல் நகல், உண்மைத்தன்மைச் சான்று என்று கேட்பவர்களுக்கும் வழியை மட்டும் சொல்லுங்கள். அசல் சான்றிதழைக் கையில் வாங்கி வைக்காதீர்கள். பிறகு அது எங்கே போனது என்பதற்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

13. தேர்வுப்பணிப் பணத்தை வரவில் எழுதாதீர்கள். ஏப்ரல், மே மற்றும் நவம்பர், டிசம்பரில் கண்காணிப்பு, பறக்கும் படை, விடைத்தாள் முகாம் என்று உழைப்பு இருக்கும். காசு மெதுவாக வரும். எந்த மையம், எந்தத் தேதி, முற்பகலா பிற்பகலா, எத்தனை விடைத்தாள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பில் திரும்பி வந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

14. வருமானவரிக் கணக்குக்கான சர்க்குலர் டிசம்பர், ஜனவரியில் வரும். பிப்ரவரிச் சம்பளத்தில் மீதி வரியை மொத்தமாகப் பிடிப்பார்கள். பழைய வரித்திட்டத்தில் இருப்பவர்கள் நவம்பரிலேயே ஒரு கவர் திறந்து எல்.ஐ.சி. ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக்கடன் வட்டிச் சான்று மூன்றையும் போடத் தொடங்கலாம். பள்ளி ரசீதில் படிப்புக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேன் கட்டணத்தைச் சேர்க்கமுடியாது. வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும். ஜனவரி கடைசியில் போய்க் கேட்டால் அவர் முகம் மாறும். வீடு பிடிக்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம். புதிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த அலைச்சலே இல்லை. ஆனால் எந்தத் திட்டம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் புதியது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

15. சம்பளச் செய்திகளில் இரண்டை மட்டும் கவனியுங்கள். அரசு வழக்கத்தை ஒட்டிச் சம்பளம் போடும் இடங்களில் மார்ச் சம்பளம் ஏப்ரலில்தான் வரும். மாதக் கடைசியில் தவணை பிடிக்கும் கடன் இருந்தால் அந்த மாதத்துக்கு மட்டும் கணக்கில் முன்கூட்டியே பணம் வையுங்கள். அகவிலைப்படி ஜனவரி 1, ஜூலை 1 என்று கணக்கிட்டாலும் அறிவிப்பும் நிலுவையும் மாதங்கள் கழித்துத்தான் வரும். வாட்ஸ்அப்பில் சதவீதம் வந்துவிட்டது என்பதற்காக வாஷிங் மெஷின் பார்க்கப் போகவேண்டாம்.

16. வசூலுக்குத் தனிக் கவர். பிரிவு உபசார விழா, சக ஊழியர் வீட்டுக் கல்யாண மொய், ஆயுதபூஜைக்குப் பொரிகடலை, சமத்துவப் பொங்கல், மகளிர் தினத்துக்கு ஒரே நிறப் புடவை. ஒவ்வொன்றும் சிறு தொகைதான், சேர்த்துப் பார்த்தால் பேப்பர்காரர் பில்லைத் தாண்டும். மாதம் ஒரு தொகை ஒதுக்கி அலமாரியில் வைத்துவிட்டால் காலை நேரத்துச் சில்லறைத் தேடல் இல்லை. புயல், வெள்ளக் காலத்தில் ஒருநாள் சம்பளம் நிவாரண நிதிக்கு என்று சர்க்குலர் வரும். விருப்பமில்லாதவர்கள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுப்பவர்கள் ரசீது கேட்டு வாங்குங்கள்.

17. தீபாவளிக்கு முன் கேம்பஸுக்குள் கோ-ஆப்டெக்ஸ் ஸ்டால் போடுவார்கள். 30 சதவீதத் தள்ளுபடியோடு ஊழியர்களுக்குத் தவணைக் கடன் விற்பனையும் உண்டு, சம்பளச் சான்றும் அடையாள அட்டையும் போதும். முதல் நாள் மதியத்துக்குள் போனால்தான் நல்ல பார்டர் கிடைக்கும். கடைசி நாள் மிஞ்சுவது போர்வையும் பெரிய சைஸ் சட்டையும்தான். போர்வை நன்றாகவே இருக்கும், வாங்கலாம்.

18. மருத்துவ முகாமுக்கு வெறும் வயிற்றில், காலை எட்டு மணிக்கே போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கண் முகாம் என்றால் பழைய கண்ணாடியையும் சீட்டையும் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கைப்பையில் ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வைத்திருக்கவேண்டும், வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அக்டோபர் 1-ஐ ஒட்டி ரத்ததான முகாம் நடக்கும். எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5-க்கும் குறையக்கூடாது. முந்தைய தானத்துக்குப்பின் ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் ஆகியிருக்கவேண்டும். ரத்ததானத்துக்கு மட்டும் வெறும் வயிற்றில் போகக்கூடாது. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

19. வீட்டில் நாய், பூனை இருந்தால் ஜூலை 6-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாள். அதையொட்டி விலங்குவழி நோய்த் தடுப்பு நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருந்தகங்களிலும் பல இடங்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுவார்கள். செப்டம்பர் 28 வெறிநோய் நாளிலும் உண்டு. கழுத்துப்பட்டை, சங்கிலி, போன வருஷத்து ஊசி அட்டை மூன்றும் வேண்டும். பூனையைக் கையில் தூக்கிப் போகாதீர்கள், வரிசையில் நாய்கள் நிற்கும். காய்கறிக் கூடையில் வைத்து மேலே துணி கட்டிவிடுங்கள்.

20. கேம்பஸ் மின்தடை அறிவிப்பு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் வரும், குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப்பில் தடை வந்தபிறகு வரும். மாவு அரைப்பதும் மோட்டார் போடுவதும் காலை எட்டரைக்குள் முடியட்டும்.

21. மே 31, ஜூன் 30 இரண்டு நாளும் சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பணி ஓய்வுப் பாராட்டு விழாக்கள் அந்த இரண்டு நாளில்தான் அதிகம். பிறந்த தேதியைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்து எழுதிய தலைமுறை. பாதிப் பேருடைய பிறந்தநாள் மே, ஜூனில் விழுந்துவிட்டது. தமிழக அரசு ஓய்வு வயதை 2021-இல் 60 ஆக்கியது. மாதத்தின் நடுவில் பிறந்தவருக்கு அந்த மாதக் கடைசி நாளில் ஓய்வு. 1-ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு. உங்கள் வீட்டுக்காரர் 1-ஆம் தேதிக்காரர் என்றால் இதை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள், மண்டபமும் சாப்பாடும் ஒரு மாதம் முன்னால் போகும்.

விழாவுக்குப் போகும் குடும்பத்துக்குச் சில யோசனைகள். பொன்னாடை இருபது வரும், அதை யாரும் உடுத்தமுடியாது. பாராட்ட நினைப்பவர்கள் நல்ல துண்டோ புத்தகமோ கொடுக்கலாம். வீட்டிலிருப்பவரையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள், முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒரு துண்டுச்சீட்டில் நாலு பேர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்: பிரிவில் கூட வேலை பார்த்தவர், காகிதம் தூக்கிய உதவியாளர், டீ கொண்டுவந்தவர், ஸ்கூட்டர் பழுதானபோது வீடுவரை கொண்டுவிட்டவர். வாழ்த்துரைகள் நீளும். சர்க்கரை உள்ளவர்கள் முன்னமே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. போட்டோக்காரரிடம் குடும்பப் படத்தை முதலிலேயே எடுக்கச் சொல்லுங்கள், கடைசியில் மாலை வாடிவிடும்.

22. ஓய்வு பெற்றபின் சர்க்குலர் வீட்டுக்கு வராது. ஓய்வூதியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்வதோடு, பிரிவில் இன்னும் வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வாழ்வுச் சான்றிதழ் மத்தியப் பல்கலை ஓய்வூதியருக்கு நவம்பரில், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. மாநிலப் பல்கலைகளில் நேர்காணல் மாதம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் நிதிப்பிரிவில் கேட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள். டிஜிட்டல் முறையை ஏற்கும் இடமென்றால் நேரில் போகவேண்டாம். கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காதவர்கள் ஸ்மார்ட்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை இமைக்கச் சொல்லவேண்டும். நடமாட முடியாதவர்களுக்குத் தபால்காரரே இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்துகொடுப்பார். ஆதார் அட்டை, ஓய்வூதியப் புத்தகம், ஓ.டி.பி. வரும் செல்போன் மூன்றையும் மேஜையில் எடுத்து வைத்திருங்கள். அந்தச் செல்போன் எண் பெரும்பாலும் மகனுடையதாக இருக்கும். அவர் மீட்டிங்கில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தபால்காரரை வரச்சொல்லுங்கள்.